14 பேர் சேர்ந்த சட்டித் தயிர்த் தொழில்: புத்தகத்தில் லாபம், பெட்டியில் காசில்லை. பதிவு, விலை, பங்கு எப்படி?

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், 14 பெண்கள் சேர்ந்து சட்டித் தயிர் போடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்துகிறவர்கள். மாதர் சங்கமாகத்தான் பதிவு இருக்கிறது. ஒரு திட்டத்தில் டீப் ஃப்ரீசர் ஒன்றும் பெரிய அண்டா இரண்டும் கிடைத்தன. அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. பால் 35 சிறு பட்டிக்காரரிடமிருந்து (மாடு வளர்ப்பவர்கள்) வருகிறது, நாளுக்கு 60 முதல் 100 லீற்றர் வரை. ஒரு லீற்றர்ச் சட்டியைக் கடைக்கு 400 ரூபாவுக்குக் கொடுக்கிறார்கள்.

கூட்டத்தில் எடுத்த தீர்மானங்கள் இவை: பால்காரருக்கு வெளி வியாபாரி கொடுப்பதைவிட லீற்றருக்கு 10 ரூபா கூடக் கொடுப்பது, வேலை செய்யும் பெண்களுக்கு நாட்கூலி, மிஞ்சும் லாபம் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு. கூலி மட்டும் மாத முடிவில் மிஞ்சுகிற காசில் பிரிக்கப்படுகிறது. எட்டு மாதமாகப் புத்தகம் லாபம் காட்டுகிறது. ஆனால் கூலியை முழுதாகக் கொடுத்த மாதம் ஒன்றும் இல்லை.

விலையில் எங்கே பிழை? சங்கமாகவே இருப்பதா, வேறு பதிவு எடுப்பதா? தொழிலும் நிற்க வேண்டும், நோக்கமும் கெடக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தங்கச்சி, பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. கூலி செலவுப் பக்கம் வரவில்லை. விற்காமல் திரும்பி வருகிற சட்டியும் கணக்கில் வரவில்லை. 100 லீற்றருக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பப் பாருங்கள்.

பால் 100 லீற்றர், 200 ரூபாப்படி: 20,000
நோக்கத்துக்காகக் கூடக் கொடுக்கும் 10 ரூபா: 1,000
சட்டி 100, 60 ரூபாப்படி: 6,000
விறகு, காஸ்: 900
மூடு தாள், நூல், லேபல்: 760
கூலி, மூன்று பேர், 1,500 படி: 4,500
வண்டி: 2,000
ஃப்ரீசர், அண்டா தேய்மானம்: 500
வாடகை, கரண்ட், போன்: 600
மொத்தம்: 36,260

காய்ச்சும்போது வற்றுவதும் சிந்துவதும் போக 95 சட்டி நிரம்பும். மிச்சம் ஐந்து சட்டி வெடித்ததும் உடைந்ததும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 95இல் ஆறு விற்காமல் திரும்பும், அல்லது வழியில் குலுங்கி நீர் விட்டுவிடும். காசாவது 89 சட்டிதான்.

இனி உங்கள் புத்தகத்தைப் பார்ப்போம். கூலியை விட்டுவிட்டு 31,760ஐ 95ஆல் பிரித்தால் சட்டி 334 ரூபா. 400க்கு விற்கிறோம், 66 ரூபா லாபம் என்று புத்தகம் சொல்லும். பெட்டிக்குள் நடப்பது வேறு. 89 சட்டிக்கு வருவது 35,600. அதில் 31,760 போனால் 3,840. கொடுக்க வேண்டிய கூலி 4,500. ஒரு நாளைக்கு 660 ரூபா குறைகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 17,160. நீங்கள் தேடுகிற காசு இதுதான். அது பெண்களின் கூலியிலிருந்துதான் போயிருக்கிறது.

36,260ஐ 89ஆல் பிரியுங்கள்: 407 ரூபா. அதற்குக் கீழே விற்கிற ஒவ்வொரு சட்டியிலும் வேலை செய்தவள்தான் வாங்குகிறவருக்கு மானியம் கொடுக்கிறாள். குறைந்த வருமானப் பெண்களுக்காகத் தொடங்கிய தொழிலில் அப்படி நடக்கவே கூடாது.

10 ரூபாவை நான் செலவுப் பக்கம் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சமூக நோக்கத்தை லாபத்தில் மிஞ்சுவதாக வைத்தால் மிஞ்சாத மாதத்தில் நோக்கமும் இல்லை. செலவாக எழுதினால் விலையே அதைச் சுமக்கும். கூலியும் அப்படித்தான். பிள்ளைகளின் படிப்பு மட்டும் லாபப் பக்கம் இருக்கட்டும். அது ஒரு வருடம் பொறுக்கும். கூலி ஒரு கிழமைகூடப் பொறுக்காது.

---

பால்மானி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது 100 லீற்றர் வரும் நாளுக்கு. பெரும்போகம் (மாரிகால நெல் விதைப்பு) தொடங்கினால் அந்தக் கணக்கு நிற்காது. வயல் விதைத்ததும் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் போய்விடும். அறுவடை முடிந்து வயல் வெளித்த பிறகுதான் திரும்பும். நடுவில் மாரி வெள்ளம் பாதையை மறிக்கும். பால் பாதியாகும்.

அதே விலைகளில் 50 லீற்றருக்குப் போட்டால்: பால் 10,000, கூடக் கொடுப்பது 500, சட்டி 3,000, எரிபொருள் 500, தாளும் லேபலும் 380, கூலி இரண்டு பேருக்கு 3,000. வண்டி 2,000, தேய்மானம் 500, வாடகை 600 ஆகிய மூன்றும் பால் குறைந்தது என்று குறையாது. மொத்தம் 20,480. நிரம்புவது 47, விற்பது 44. ஒரு சட்டி 465 ரூபா! மாரி மாதத்தில் வண்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டத்தான் வேண்டும். இரண்டு நாள் தயிரைக் குளிரில் வைத்து ஒன்றாக இறக்குங்கள்.

பாலைச் சேர்த்து வைக்க அந்த ஃப்ரீசரை நம்ப வேண்டாம். கறந்த சூட்டோடு 20 லீற்றர் கேனை உள்ளே இறக்கினால் ஓரம் உறையும், நடுப்பால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். புளிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கட்டி மட்டும் போடுங்கள். பாலைச் சிறு கேன்களில் ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு இறக்கி, கரண்டியால் கிண்டிக் கிண்டி 4 பாகைக்குக் கொண்டுவந்த பிறகு குளிரில் வையுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். எல்லாருக்கும் லீற்றருக்கு ஒரே விலை, அதற்கு மேலே 10 ரூபா கூட என்றால் கொஞ்ச நாளில் தண்ணீர்ப் பால் வரும். வருகிறவர் ஏழை, திருப்பி அனுப்ப மனம் வராது. அந்த ஒரு கேன் மற்ற 34 பேருடைய பாலோடு ஒரே அண்டாவில் விழும். சமூக நோக்கம் உள்ள தொழில்கள் அடிபடுகிற இடம் இது: இரக்கம் தரத்தைத் தொடும்போது எல்லாருடைய கூலியும் சேர்ந்து போகிறது.

வழி இருக்கிறது. கேனில் பெயர் வேண்டாம், இலக்கம் ஒட்டுங்கள். சோதிக்கிறவருக்கு இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு கேனிலும் பால்மானி (பாலின் அடர்த்தி காட்டும் கருவி) வாசிப்பு எடுங்கள், வெப்பநிலைத் திருத்தத்தோடு. சோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் எடுத்துக் கொதிக்க வையுங்கள். திரிந்தால் அந்தக் கேன் திரும்பிப் போகும். கிழமைக்கு ஒரு தடவை ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள். நீலமானால் மா கலந்திருக்கிறது. ஆறிய பாலில் பாருங்கள், சூட்டில் நிறம் காட்டாது. கொழுப்பு அளக்க வசதி வந்ததும் 10 ரூபாவைக் கொழுப்புக்கு ஏற்பப் பிரியுங்கள். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு வீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் நாலு வீதம் அளவில். இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் எருமை வைத்திருப்பவர் உங்களை விட்டுப் போய்விடுவார்.

மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலும் வாங்கக் கூடாது. மிருக வைத்தியர் சொன்ன நாள் வரை நிறுத்த வேண்டும். மருந்து கலந்த பாலில் உறை பிடிக்காது. விடிய எழும்பிப் பார்த்தால் 95 சட்டியும் தண்ணீராகக் கிடக்கும். அந்த நாட்களில் பாலைக் கொண்டுவராமல் நிறுத்துகிற பட்டிக்காரருக்குச் சங்கம் ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறைத்துத்தான் கொண்டுவருவார். இதையும் நோக்கச் செலவில் எழுதுங்கள்.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

பதிவு பற்றி. இலங்கையில் சமூக நிறுவனம் என்று தனியான சட்ட வடிவம் இல்லை. பிரித்தானியாவில் 2005இல் இருந்து சமூக நலக் கம்பனி என்று ஒரு வடிவம் உண்டு. அதில் சொத்தை உறுப்பினர் பிரித்தெடுக்க முடியாதபடி சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. இங்கே அந்தப் பூட்டை நாமே விதிக்கோவையில் எழுத வேண்டும்.

மாதர் சங்கமாக இருந்துகொண்டு வியாபாரம் வளர்க்க முடியாது. பெரிய கடையோ ஹோட்டலோ ஒப்பந்தம் எழுதாது, வங்கி தொழிற்கடன் தராது. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் சுலபம். ஆனால் அது கூட்டு வியாபாரம். கடன் முறிந்தால் ஒவ்வொரு பெண்ணின் வீடு வளவு வரைக்கும் பொறுப்பு போகும். நுண்கடனில் ஏற்கனவே அகப்பட்டிருக்கிற குடும்பங்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது. உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனி நன்கொடை பெற வசதியானது, ஆனால் உறுப்பினருக்கு லாபம் பிரிக்க முடியாது. உங்கள் பெண்களுக்குப் பங்கு வேண்டுமென்றால் அது பொருந்தாது. தனியார் கம்பனியில் லாபம் பிரிக்கலாம், பங்குதாரர் 50 பேர் வரைதான், கம்பனியின் ஊழியராக இருக்கும் பங்குதாரர் அந்த எண்ணில் சேர மாட்டார். வேலை செய்கிற நீங்கள் 14 பேரும் ஊழியர் என்றால் எண்ணில் வருவது பால்காரர் 35 பேர். இன்னும் பதினாறு பட்டிக்காரர் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். பங்கு கூட வைத்திருப்பவருக்கு வாக்கும் கூட. காசுள்ள ஒருவர் உள்ளே வந்தால் சில வருடத்தில் தொழில் அவர் கைக்குப் போகும்.

என் எண்ணம் கூட்டுறவுச் சங்கம். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆகக் குறைந்தது 10 உறுப்பினர், ஆளுக்கு ஒரு வாக்கு. மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவு. இதிலும் தொல்லை உண்டு. கணக்காய்வு பிந்தும், சில முடிவுகளுக்கு அனுமதி வேண்டும், நிர்வாகக் குழுத் தேர்தலில் வெளிக்காற்று வீசும். ஆகவே துணைவிதியில் இவற்றை முதலே எழுதுங்கள்: குழுவில் பால்காரர் எத்தனை பேர், தொழிலாளர் எத்தனை பேர், தலைவர் தொடர்ந்து எத்தனை தவணை இருக்கலாம், சங்கம் கலைந்தால் ஃப்ரீசரும் அண்டாவும் யாருக்கு. நிர்வாகக் குழுவில் இருப்பவரின் வீட்டார் சங்கத்துக்குச் சட்டியோ வண்டியோ கொடுப்பதானால் அதைக் கூட்டத்தில் சொல்லிப் பதிய வேண்டும் என்ற விதியும் வேண்டும். சண்டை அனேகமாக வண்டி வாடகையில்தான் தொடங்கும்.

அந்த ஃப்ரீசர் கடதாசியில் யாருடையது? உதவி தந்தவர்களிடம் கைமாற்றுக் கடிதம் வாங்கிப் புதிய சங்கத்தின் பெயருக்கு எழுதுங்கள். கடதாசி இல்லாத சொத்தைக் காப்புறுதியும் ஏற்காது, வங்கியும் ஏற்காது.

கணக்குப்பிள்ளை அண்ணனின் கூலியில் ஒன்று விடுபட்டிருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் தொழில்தருநர் பக்கம் கட்ட வேண்டும். 4,500க்கு 675. மொத்தம் 36,935, சட்டி 415 ரூபா. பெண்களின் முதுமைக்குச் சேருகிற காசு இது. நோக்கம் பேசுகிற தொழில் முதலில் கட்ட வேண்டியதே இதைத்தான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓம், அது என் தவறு. 415தான் சரி. கடைக்கு 450 போடுங்கள். 100 லீற்றர் நாளில் 3,115 மிஞ்சும். மாரிக்கு ஈடு அதிலிருந்துதான் வர வேண்டும்.

---

மருதமுனைத்தறி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கைத்தறியில் உள்ள பாடம் தயிருக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

சாரம் நெய்கிறவருக்கு உருப்படிக் கூலி உடனே கொடுக்க வேண்டும். நூலும் சாயமும் கைக்காசுக்கு. கடைக்காரர் மட்டும் இரண்டு மாதம் கழித்துத் தருவார். விலையும் சரி, கூலியும் சரி, இருந்தும் தறி நிற்கும். நடுவில் ஓடுவதற்குக் காசு இல்லாததுதான் காரணம். நீங்களும் பால்காரருக்கு ஏழு நாளில் கொடுக்கிறீர்களா, முப்பது நாளிலா என்பதைப் பாருங்கள். சிறு பட்டிக்காரருக்கு 10 ரூபா கூடக் கிடைப்பதைவிடச் சொன்ன நாளில் காசு கிடைப்பது பெரிது. நாள் தவறினால் முற்பணம் தருகிற வியாபாரியிடம் போய்விடுவார். வாங்கிய முற்பணம் தீரும்வரை திரும்பவும் மாட்டார். கடைகளோடு ஒரு சட்டம் வையுங்கள்: புதுச் சட்டி இறக்கும்போது பழைய சட்டியின் காசு. மூன்று தடவை தவறிய கடைக்கு நிறுத்திவிடுங்கள்.

லேபலில் துயரக் கதை அச்சடிக்க வேண்டாம். கணவனை இழந்த பெண்கள் செய்த தயிர் என்று போட்டால் ஒரு தடவை வாங்குவார்கள். அடுத்த தடவை கெட்டியாக இருக்கிறதா, புளிப்பு அளவா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் பிள்ளை கடைக்குப் போய் அந்த லேபலைப் பார்க்கும் என்பதையும் யோசியுங்கள். ஊர்ப்பெயரும் உறைய வைத்த திகதியும் நிறையும் தெளிவாக இருந்தால் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள்.

---

வாவிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. கூலியைச் செலவில் எழுதாததுதான் பிழை என்று இப்போது விளங்குகிறது. இன்னும் இரண்டு கேள்வி. 450க்கு ஏற்றினால் ஊர்ச் சனம் வாங்குமா? பாசிக்குடாப் பக்க ஹோட்டல் ஒன்று நாளுக்கு 20 சட்டி கேட்கிறது, காசு 45 நாளில் என்கிறது. இன்னொன்று, கூட்டுறவானால் மிச்சத்தை 14 பேரும் 35 பேரும் எப்படிப் பிரிப்பது?

---

பொதுநோக்கு எழுதியது:

முதல் கேள்விக்குப் பக்கத்து உதாரணம் பங்களாதேஷில் இருக்கிறது, அதுவும் தயிர்தான். 2006இல் கிராமீன் அமைப்பும் பிரான்சின் டனோன் கம்பனியும் சேர்ந்து, தயிருக்குப் பேர்போன பொகுராவில் ‘சக்தி தொய்’ என்ற சத்தூட்டிய தயிரைத் தொடங்கின. 80 கிராம் கிண்ணம் 5 டாக்கா; கிராமப் பெண்கள் வீடுவீடாக விற்றார்கள். 2008இல் பால் விலை ஏறியதும் கிண்ணத்தை 8 டாக்காவுக்கு உயர்த்தினார்கள். கிராமத்தில் விற்பனை விழுந்தது, விற்ற பெண்களும் விட்டுப் போனார்கள். பிறகு கிண்ணத்தை 60 கிராமாகச் சிறிதாக்கி 6 டாக்காவுக்குக் கொடுத்தார்கள். டாக்கா நகரக் கடைகளில் கூடிய விலைக்கு விற்று ஈடு செய்தார்கள்.

ஆகவே ஊருக்குள் ஒரு லீற்றர்ச் சட்டியை ஏற்றுவதோடு அரை லீற்றர்ச் சட்டியும் இறக்குங்கள். கூலிக்கு வேலை செய்கிறவர் கையில் அன்றைக்கு இருக்கிற காசுக்கு அதுதான் கட்டும். சிறு சட்டியில் மண்சட்டிச் செலவு விகிதத்தில் கூடும், அதனால் பாதி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தனியாகக் கணக்குப் போடுங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆவணி புரட்டாதியில் கோயில் திருவிழா என்று மச்சம் (மீன், இறைச்சி) நீக்குகிற நாட்களில் தயிருக்குத் தேவை தானாக ஏறும். அப்போது விலையைக் கூட்டாமல் அளவைக் கூட்டுங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 கட்டிலோடு தொடங்கியது. காசு கட்டக்கூடியவர் கட்டுவதில் கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. ஆனால் இருவருக்கும் அறுவை செய்வது அதே வைத்தியர்கள். வேறுபாடு அறையிலும் கட்டிலிலும்தான். ஹோட்டலுக்குக் கூடிய விலை போடுவது நியாயம். அதற்காக நல்ல பாலை ஹோட்டலுக்கும் மிச்சப் பாலை ஊருக்கும் பிரித்தால் நோக்கம் அன்றைக்கே போய்விட்டது.

ஹோட்டல் கணக்கைப் பாருங்கள். 20 சட்டி, 450 ரூபா, 45 நாள்: 4 லட்சத்து 5 ஆயிரம் ரூபா அவர்கள் கையில் எப்போதும் நிற்கும். உங்களிடம் அந்தக் கைமுதல் இல்லை. 100 மில்லிலீற்றர் சிறு சட்டியாகக் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். கித்துள் பாணியோடு (கித்துள் மரத்து இனிப்புப் பாகு) ஒருவருக்கு ஒரு சட்டி என்று பரிமாற அவர்களுக்கு வசதி. பதிலுக்குக் கிழமைக்கு ஒரு தடவை காசு கேளுங்கள். ஒத்துவராவிட்டால் 20க்குப் பதிலாக 5 சட்டியில் தொடங்குங்கள். அங்கே சீசன் ஆண்டு நடுப்பகுதியில். மாரியில் உங்களுக்குப் பால் குறையும்போது அவர்களுக்கும் ஆள் குறையும். ஒப்பந்தத்தில் அளவை மாதவாரியாக எழுதுங்கள்.

பங்கு பிரிப்பதற்கு 1844இலேயே இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 பேர் வழி காட்டிவிட்டார்கள். போட்ட காசுக்கேற்ப லாபம் இல்லை, சங்கத்தோடு செய்த கொடுக்கல் வாங்கலுக்கேற்ப. பால்காரருக்கு வருடத்தில் ஊற்றிய லீற்றர்; பெண்களுக்கு வேலை செய்த நாள். மிச்சத்தின் முதல் பகுதி மாரிக்கால ஒதுக்கம். இந்த ஒதுக்கம் நிறையும்வரை வேறு எதற்கும் கைவைக்க வேண்டாம். அளவுக்கு ஒரு கணக்கு: 50 லீற்றர் நாட்களில் வரும் நட்டத்தை, எதிர்பார்க்கிற நாட்களால் பெருக்கிக்கொள்ளுங்கள். சேமலாப நிதியும் சேர்த்தால் அந்த நாளில் செலவு 20,930, வரவு 19,800, நட்டம் 1,130. நூறு நாளுக்கு 1,13,000. நல்ல நாளில் 3,115 மிஞ்சினால் 37 நாளில் இது சேர்ந்துவிடும். அதன் பிறகு லீற்றருக்கும் நாளுக்கும் பங்கு, பிறகு படிப்பு நிதி.

மாதக் கூட்டத்தில் லாபத்தோடு நாலு எண்களையும் சுவரில் ஒட்டுங்கள்: எத்தனை வீட்டில் பால் வாங்கினோம், கூடக் கொடுத்தது எவ்வளவு, கூலி சொன்ன நாளில் போனதா, எத்தனை கேன் திருப்பி அனுப்பினோம். நூறு லீற்றரும் 26 நாளும் என்றால் கூடக் கொடுத்தது மட்டும் 26,000 ரூபா. அது லாபத்தில் தெரியாது, சுவரில் தெரிய வேண்டும்.

---

பால்மானி எழுதியது:

சிறு சட்டி பற்றி ஒரு வார்த்தை. பாலை 90 பாகையில் கால் மணித்தியாலம் வைத்து, 42 பாகைக்கு ஆற்றி, 100க்கு இரண்டு மூன்று பங்கு உறை சேர்ப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் 100 மில்லிலீற்றர் சட்டியில் சூடு கெதியாக இறங்கும். உறைவது பிந்தி மேலே நீர் நிற்கும். தெர்மகோல் பெட்டியில் நெருக்கி அடுக்கி, நடுவில் வெந்நீர்ப் போத்தல் ஒன்று வைத்து மூடுங்கள். நாலைந்து மணித்தியாலத்தில் திறந்து ஒரு சட்டியைச் சரித்துப் பாருங்கள். ஓரம் விலகாமல் முழுதாக அசைந்தால் உடனே குளிருக்கு எடுங்கள். திரும்பி வந்த சட்டியிலிருந்து உறை எடுக்கவே வேண்டாம். உறைக்கென்று ஒரு சிறு பாத்திரம் தனியாக, அதைத் தொடுகிறவர் ஒருவர் மட்டும்.